மலைநாட்டுப் பாக்கும் மயில்துத்தமும்

பெங்களூரில் வாழும் தமிழர்களுள் ஹெப்பாளை அறியாதார் இலர். விமான நிலையத்துக்குச் செல்லும் சாலையில் ஏரியும் மேம்பாலமும் உள்ள இடம் அது. தென்னிந்திய வேளாண்மை வரலாற்றிலும் அவ்வூருக்குச் சிறப்பான இடம் உண்டு. 1899-ஆம் ஆண்டில், மைசூர்ச் சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த மகாராணி கெம்ப நஞ்சம்மணி, பயிர் ஆராய்ச்சிக்கென அங்கே 30 ஏக்கர் நிலம் அளித்தார். 1913-இல் வேளாண்மைப் பள்ளியும், 1946-இல் கல்லூரியும் அங்கே தோன்றின. 1964-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இத்தகைய நிலையங்கள் புதுமுறை ஒன்றைக் கூறும்போதெல்லாம் ஒரு வினா எழுகின்றது: "முறை நல்லதுதான், ஏழை நாட்டு உழவனுக்கு அது கட்டுப்படியாகுமா?" சொந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் நேயர்கள் பலர் இவ்வினாவைத் தம் உடன்பிறந்தார் வாயிலாகக் கேட்டிருப்பர். இதற்கு விடை தேட, மைசூர் மலைநாட்டுப் பாக்குத் தோப்புகளின் கதையைக் காண்போம்.

சிவமொக்கா, சிக்கமகளூர்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை இடைவிடாது பொழியும். அந்த ஈரத்தில் பாக்குக் குலைகளை ஒரு நோய் பற்றும். காய்கள் அழுகி உதிரும். நோய் முற்றினால் மரத்தின் குருத்தே பட்டுப்போகும். கன்னடத்தில் இதனைக் 'கொளெ ரோகா' என்பர். அழுகல் நோய் என்பது பொருள். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும்பஞ்சத்தை விளைவித்த நுண்ணுயிரின் இனத்தைச் சேர்ந்ததே இதன் காரணியும்.

தோட்டக்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மழைக்கு முன்னரே மரமேறி, புல்லாலும் பாக்கு மட்டையாலும் செய்த உறைகளை ஒவ்வொரு குலைக்கும் கட்டினர். ஆயிரம் மரம் உடையவர் ஆயிரம் மரத்திலும் ஆளை ஏற்ற வேண்டும். உறை செய்யும் கூலி, கட்டும் கூலி, காற்றில் அது பறந்தால் நேரும் இழப்பு எல்லாம் அவர் தலையிலேயே விழுந்தன. ஆயினும் பழகிய செலவு ஆதலின், அதனை யாரும் செலவாகக் கருதவில்லை.

1908-இல் லெஸ்லி கோல்மன் என்னும் கனடா நாட்டு விஞ்ஞானி மைசூர் அரசாங்கப் பணியில் சேர்ந்தார். நோயின் இயல்பை ஆராய்ந்து, 1910-இல் அதனைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 1913-இல் வேளாண்மைத் துறையின் முதல் இயக்குநரானார். அவர் கைக்கொண்ட மருந்து போர்டோ கலவை. அதன் பிறப்பு சுவையானது. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும்பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பது வழக்கம். அக்கொடிகளை மட்டும் நோய் தீண்டவில்லை என்பதைப் பேராசிரியர் மில்லார்டே கண்டார். ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார்.

கலவை செய்வது எளிது. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும்; இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியை அதில் தோய்த்து எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மழை தொடங்குமுன் ஒரு முறையும், ஏறத்தாழ நாற்பது நாட்களுக்குப் பின் மறுமுறையும் குலைகளின்மீது தெளிப்பது இன்றும் வழக்கம்.

மலிவான மருந்துதான். ஆயினும் கணக்கில் ஒரு முடிச்சு உண்டு. மருந்துக்கும், தெளிப்பானுக்கும், மரமேறுவோர் கூலிக்கும் வைகாசியில் பணம் வேண்டும். பாக்கு அறுவடையோ ஐப்பசிக்குப் பின்னரே. கை வறண்ட காலத்தில் கேட்கப்படும் சிறுதொகையும் பெருந்தொகையாகத் தோன்றும். ஆகவே தயங்கும் உழவனை அறியாமை உடையவன் என்று பழிப்பது தவறு. எனினும் அவன் ஒப்பிட வேண்டியது மருந்தின் விலையையும் தன் மடிச்சீலையையும் அன்று. மருந்தின் விலையையும், உறைகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவரும் கூலியோடு அழுகி உதிரும் காயின் மதிப்பையுமே ஆகும். பாக்கு மரம் பல்லாண்டு பலன் தருவது. அது பட்டுப்போனால் மறுகன்று காய்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இனி, உழவனின் செலவை மிகக் குறைக்கும் புதுமையும் உண்டு. மண்டியாவில் லட்சுமணையா என்னும் ஆராய்ச்சியாளர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டி, 'இண்டாஃப்' என்னும் உயர்விளைச்சல் வகைகளை உருவாக்கினார். 1970-களில் அவை உழவர் கைக்கு வந்தன. கேழ்வரகு தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆதலின் ஒருமுறை வாங்கிய விதையை உழவன் தானே சேர்த்துவைத்து மீண்டும் விதைக்கலாம். பல்லாண்டு ஆராய்ச்சியின் செலவை அரசாங்கம் ஏற்றது. உழவன் ஏற்றது ஒரு பருவத்து விதையின் விலை மட்டுமே.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. 'விலை எவ்வளவு' என்பது பாதி வினா. யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடாவிட்டால் இழப்பது எவ்வளவு என்பவை மறுபாதி. சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டு அரசு சிறு, குறு உழவர்க்கு முழு மானியமும் பிறர்க்கு 75 விழுக்காடும் அளிப்பது இந்த மறுபாதியை எண்ணியே.

எந்தப் புதுமையும் எல்லாத் துன்பத்தையும் தீர்ப்பதில்லை. மலைநாட்டில் மரமேற ஆள் கிடைப்பது இன்று அரிதாகிவிட்டது. அடைமழையில் மறுதெளிப்புத் தவறினால் நோய் மீண்டும் தலைதூக்குகின்றது. ஆயினும் ஊரிலிருந்து உடன்பிறந்தார் புதுமுறை ஒன்றின் விலையைக் கூறி நம் கருத்தைக் கேட்கும்போது, உடனே வேண்டாம் என்று உரைத்துவிடாமல், "பழைய முறைக்கு இப்போது எவ்வளவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?" என்று திருப்பிக் கேட்போமாக. கணக்கு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.