மெல்லிய மடிக்கணினியும் ஓசூர்ப் பட்டறைகளும்: ஓர் இணைப்புத்துளையின் வரலாறு

மடிக்கணினியின் பக்கவாட்டில் வரிசையாக இருந்த இணைப்புத்துளைகள், அதாவது எல்லோரும் போர்ட் என்று சொல்பவை, 1990களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மறைந்தன. பிரிண்டர் போர்ட், சீரியல் போர்ட், தொலைபேசிக் கம்பிக்கான துளை, விஜிஏ, ஈதர்நெட், அட்டைச் செருகி எனப் பட்டியல் நீளும். இன்று பல மாதிரிகளில் இருப்பவை இரண்டு யு.எஸ்.பி. சி துளைகள் மட்டுமே. எழுத்து வேலையும் இணைய வேலையும் செய்பவர்களுக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை, தோள்சுமை குறைந்தது. கணினியைவிடப் பல மடங்கு ஆயுள் கொண்ட எந்திரங்களோடு அதைப் பொருத்தி வேலை செய்பவர்களுக்கு நிலைமை வேறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், மத்திகிரிப் பகுதிப் பட்டறைகளை முன்வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகப் புரியும்.

எல்லையோரத் தொழிற்பகுதி

மத்திகிரி ஓசூரின் தென்புறத்தில் உள்ள ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணையால் முதலில் பெயர் பெற்றது. தனிப் பேரூராட்சியாக இருந்து பின்னர் ஓசூருடன் இணைக்கப்பட்டது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. இந்த வட்டாரத்தின் முகத்தை மாற்றியது 1971இல் நிறுவப்பட்ட சிப்காட். நிலம் தமிழ்நாட்டில், பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவில் என்ற வசதியால் ஓசூர் வளாகம் விரைவில் வளர்ந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. 1980களின் நடுவில் டைட்டன் கைக்கடிகார ஆலை அமைந்தது.

பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின. இவற்றின் முதுகெலும்பு சி.என்.சி. எந்திரம். எந்த அச்சில் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் வெட்ட வேண்டும் என்று எழுதிய புரோகிராமைப் படித்து, தானே உலோகத்தைக் கடைந்தும் துளையிட்டும் தரும் எந்திரம் அது. விலை பல இலட்சம் ரூபாய். வங்கிக் கடனில் வாங்கப்படும், கடன் முடிந்த பிறகே லாபம் காட்டும், பிறகு கைமாறி இன்னொரு பட்டறைக்குப் போகும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடுவது இதற்கு வியப்பான வயது அன்று. மடிக்கணினியோ ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். இந்த இரண்டு வயதுகளும் சந்திக்கும் இடம்தான் இணைப்புத்துளை.

ஒன்பது ஊசிகளும் இரண்டு திருகுகளும்

பழைய சி.என்.சி. எந்திரங்கள் பேசும் மொழி ஆர்.எஸ். 232. அமெரிக்க மின்னணுத் தொழில்துறைச் சங்கம் 1960இல் வெளியிட்ட தரம் இது. தொலைத்தட்டச்சுப் பொறியையும் மோடத்தையும் இணைக்க உருவானது. ஐபிஎம் தன் 1984ஆம் ஆண்டு ஏ.டி. கணினியில் இதற்கு ஒன்பது ஊசித் துளையைப் பயன்படுத்தியதும் அதுவே கணினி உலகின் வழக்கமானது. ஃபனுக் போன்ற கட்டுப்பாட்டுக் கருவிகளில் எந்திரப் பக்கம் இருபத்தைந்து ஊசித் துளை, கணினிப் பக்கம் ஒன்பது. இடையில் ஒரு கேபிள்.

வேகம் இன்றைய கணக்கில் சிரிப்பூட்டும்: பெரும்பாலும் வினாடிக்கு 4800 அல்லது 9600 பிட். ஆனால் எந்திரத்தின் நினைவகமும் அந்த அளவுதான். காகித நாடாக் காலத்தின் மிச்சமாக, பழைய ஃபனுக் நினைவகம் மீட்டரில் அளக்கப்பட்டது. 80 மீட்டர் நாடாவுக்குச் சமமானது 32 கிலோபைட். 9600 வேகத்தில் அதை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிக்கல் டை, மோல்டு வேலையில் வருகிறது. வளைந்த பரப்பைக் கடையும் புரோகிராம் பல மெகாபைட் இருக்கும், எந்திரத்தில் கொள்ளாது. எனவே கணினி சிறிது சிறிதாக அனுப்ப, எந்திரம் வாங்க வாங்க வெட்டிக்கொண்டே போகும். இதற்கு டி.என்.சி. என்றும் டிரிப் ஃபீட் என்றும் பெயர். மணிக்கணக்கில் ஓடும் இவ்வேலையின் நடுவே இணைப்பு அறுந்தால் வெட்டுக்கருவி உலோகத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும், பரப்பில் தழும்பு விழும். பலநாள் உழைப்பு கொண்ட எஃகுக் கட்டி வீணாகலாம். அதனால்தான் சீரியல் பிளக்கின் இருபுறமும் உள்ள சிறு திருகுகள் பட்டறையில் முக்கியமானவை. அதிர்வில் பிளக் கழலாமல் பிடித்துக்கொள்பவை அவை. யு.எஸ்.பி. பிளக்கில் பொதுவாக அப்படி எதுவும் இல்லை.

துளைகள் மறைந்த வரிசை

1996இல் யு.எஸ்.பி. வந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதை உருவாக்கிய குழுவில் முன்னணியில் இருந்தவர் வடோதராவில் பிறந்த அஜய் பட். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வகைத் துளை என்ற குழப்பத்தைத் தீர்ப்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது என்பதை மறுக்க முடியாது. 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய துளைகளைக் கைவிட்டு யு.எஸ்.பி.யை ஏற்றது. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டிகளும் பழைய துளைகளை விட்டுவிடத் தயாரிப்பாளர்களைத் தூண்டின. வீட்டிலும் அலுவலகத்திலும் சீரியல் போர்ட்டைத் தொடுவார் இல்லை. 2000களின் நடுவில் அது பெரும்பாலான மடிக்கணினிகளிலிருந்து போய்விட்டது.

அதுவரை காரணம் பயன்பாட்டுக் குறைவு. அதன்பின் காரணம் தடிமன். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ஏர் கணினியைக் காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். மிகத் தடித்த இடத்தில் 19.4 மி.மீ., எடை 1.36 கிலோ. அதில் இருந்தவை ஒரு யு.எஸ்.பி., ஒரு காட்சித் துளை, ஒரு ஒலித்துளை. ஈதர்நெட் வேண்டுமானால் தனியே 29 டாலருக்கு ஒரு இணைப்பான். அதே ஆண்டு அக்டோபரில் ஒரே அலுமினியக் கட்டியைச் சி.என்.சி. எந்திரத்தில் கடைந்து செய்த மேக்புக் உடல் வந்தது. மடிக்கணினியை மெலிய வைத்ததில் சி.என்.சி.க்கே பெரும் பங்கு உண்டு என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. பிற்காலத்தில் ஓசூரை அடுத்த டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் உறைகள் தயாராகத் தொடங்கின.

2011இல் இன்டெல் அல்ட்ராபுக் என்ற பெயரில் 21 மி.மீ.க்கு மேற்படாத கணினிகளை முன்னிறுத்தியது. சீரியல், விஜிஏ துளைகளின் உலோக விளிம்பு மட்டுமே ஏறக்குறைய 12.5 மி.மீ. உயரம் கொண்டது. 2014இல் வரையறுக்கப்பட்ட யு.எஸ்.பி. சி துளையின் உயரமோ மூன்று மி.மீ.க்கும் குறைவு. 2015ஆம் ஆண்டு மேக்புக் 13.1 மி.மீ. தடிமன், அதில் மின்னேற்றம், தரவு, காட்சி எல்லாவற்றுக்கும் ஒரே துளை. சார்ஜர் செருகியிருந்தால் வேறெதையும் செருக இயலாது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் சற்றுத் தாமதமாக உணரப்பட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இலட்சக்கணக்கான மாணவர்கள் கையில் முதல் கணினியைத் தந்தது. தடித்த மலிவு மாதிரிகளில் விஜிஏவும் ஈதர்நெட்டும் வழக்கமாக இருந்த காலம் அது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ உள்ளிட்ட நிறுவனங்கள் 2015க்குள் விஜிஏவைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டன. கல்லூரி வகுப்பறைப் புரொஜெக்டர்கள் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. விஜிஏ கம்பியோடு இன்னும் கூரையில் தொங்குபவை உண்டு.

கன்வெர்ட்டர் காலம்

சீரியல் துளை போனதும் பட்டறைக்குக் கிடைத்த வழி, யு.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் கன்வெர்ட்டர். பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பார்க்க ஒரு கம்பிதான். உள்ளே ஒரு சில்லு இருக்கிறது, அதற்கு ஒரு மென்பொருள் இயக்கி தேவை. துளை கணினியின் உடலில் இருந்தவரை அது வேலை செய்யும் பொறுப்பு கணினி நிறுவனத்துக்கு. கம்பிக்கு மாறியதும் அந்தப் பொறுப்பு சில்லுத் தயாரிப்பாளர், போலிச் சில்லு வியாபாரி, விண்டோஸ் ஆகிய மூவருக்கும் இடையே சிதறியது.

அதன் விளைவு 2014இல் உலகெங்கும் தெரிந்தது. எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் சில்லுகளைப் போலவே செய்யப்பட்ட போலிகள் சந்தையில் நிறைந்திருந்தன. அந்நிறுவனத்தின் புதிய இயக்கி விண்டோஸ் அப்டேட் வழியே வந்தது. போலிச் சில்லு கண்ணில் பட்டால் அதன் அடையாள எண்ணைச் சுழியமாக்கி முடக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. 2016இல் வந்த இன்னொரு பதிப்பு, போலிச் சில்லு வழியே தரவுக்குப் பதிலாக ‘அசலல்லாத கருவி’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை அனுப்பியது. கம்பியின் மறுமுனையில் இருப்பது கடைசல் எந்திரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தைவானின் புரொலிஃபிக் நிறுவனமும் பழைய சில்லுகளுக்கும் போலிகளுக்கும் புதிய விண்டோஸ் இயக்கிகளில் ஆதரவை நிறுத்தியது. தன் நிறுவனத்தின் உரிமையைக் காப்பதில் தவறில்லை. ஆனால் தான் வாங்கியது போலி என்று தெரியாத பட்டறைக்காரருக்கு நேற்றுவரை ஓடிய எந்திரம் இன்று புரோகிராம் வாங்க மறுப்பதற்கான காரணம் அப்டேட்டில் இருக்கும் என்று யார் சொல்வார்?

மின்னழுத்தமும் ஒரு சிக்கல். ஆர்.எஸ். 232 தரம் 3 முதல் 15 வோல்ட் வரை, நேராகவும் எதிராகவும், சைகையாக ஏற்கும். பழைய கணினிகள் 12 வோல்ட் அளவில் அனுப்பின. மலிவான கன்வெர்ட்டர்கள் 5 வோல்ட் அளவில் அனுப்பும். மேசைமேல் இரண்டும் வேலை செய்யும். பெரிய மோட்டார்கள் ஓடும் கூடத்தில், நீண்ட கேபிளில், வலுக்குறைந்த சைகை இரைச்சலில் கலங்கிவிடும். ஓர் எழுத்து மாறினால் ஓர் அளவு மாறும்.

மாற்று வழியாக இருந்தது நினைவக அட்டை. பிற்காலக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பி.சி.எம்.சி.ஐ.ஏ. செருகி இருந்தது, கணினியிலும் அதே செருகி இருந்ததால் அட்டையை எடுத்து மாற்றினால் போதும். சில ஆண்டுகளில் மடிக்கணினியிலிருந்து அந்தச் செருகியும் போயிற்று. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றைச் சீரியல் போர்ட்டுக்காகவே வைத்துக் காப்பாற்றுவது இன்னொரு வழி. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றன. எனவே அதை இணையத்தோடு இணைக்காமல் வைப்பதே நல்லது. பானசோனிக்கின் டஃப்புக் போன்ற முரட்டுக் கணினிகள் சீரியல் போர்ட்டை நெடுங்காலம் விடவில்லை. அவற்றின் விலை சிறு பட்டறைக்கு ஏற்றதன்று.

இழப்பு மட்டுமா?

மெல்லிய கணினியைக் குறை மட்டும் சொல்வது நேர்மையாகாது. இருசக்கர வண்டியில் ஒரு நாளில் அத்திப்பள்ளி, சூசூவாடி, மத்திகிரி என்று மூன்று ஆலைக்குப் போகும் சர்வீஸ் என்ஜினியருக்கு மூன்று கிலோவும் ஒன்றேகால் கிலோவும் ஒன்றல்ல. சார்ஜர் இல்லாமல் பாதிநாள் ஓடும் பேட்டரியும் அவருக்கு வேண்டும். கன்வெர்ட்டருக்கும் ஒரு நன்மை உண்டு. எந்திரத்தின் எர்த் இணைப்பு சரியில்லாதபோது கேபிள் வழியே பாயும் மின்னோட்டம் முன்பு கணினியின் தாய்ப்பலகையை எரித்தது. இப்போது முதலில் எரியக்கூடியது சில நூறு ரூபாய்க் கம்பி. மின்தனிமைப்படுத்திய கன்வெர்ட்டர் வாங்கினால் அதுவும் எரியாமல் தப்பலாம்.

எதிர்ப்பக்கத்தில், துளைகள் இரண்டாகக் குறைந்தபின் ஒவ்வொன்றின் மதிப்பும் கூடிவிட்டது. 24 தொடுமுனைகள் கொண்ட சி துளையில் உலோகத் தூளும் கூலண்ட் எண்ணெயும் சேர்ந்தால் மின்னேற்றமே நிற்கும். பல மாதிரிகளில் அத்துளை தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றுவது எளிதன்று. மின்னேற்றம், ஈதர்நெட், சீரியல், பென் டிரைவ் என்று ஒரு ஹப்பில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால், ஹப் சற்று அசைந்தாலும் எல்லாம் ஒன்றாக அறுபடும். தயாரிப்பாளர்களும் எல்லை தாண்டிவிட்டதை ஒருவாறு உணர்ந்தனர். 2016இல் சி துளைகளை மட்டும் வைத்த ஆப்பிள், 2021இல் மேக்புக் புரோவுக்கு எச்.டி.எம்.ஐ., எஸ்.டி. அட்டைத் துளைகளைத் திருப்பித் தந்தது. அவை படக்கலைஞர்கள் கேட்ட துளைகள். சீரியல் போர்ட்டைக் கேட்க அந்தச் சந்தையில் ஆள் இல்லை. ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள எலக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் அலுவலகங்களுக்கும் அது தேவைப்படுவதில்லை.

எந்திரத்தின் பக்கம்

இப்போது வசதியுள்ள ஆலைகள் வேறு வழிக்கு வந்துவிட்டன. கன்வெர்ட்டரைக் கணினியோடு சுமப்பதற்குப் பதில் எந்திரத்தோடு பொருத்திவிடுகிறார்கள். சீரியலை ஈதர்நெட்டாகவோ வைஃபையாகவோ மாற்றும் சிறு பெட்டி ஒன்று கட்டுப்பாட்டுப் பலகைக்குள் திருகப்படுகிறது. ஓர் அறையிலிருக்கும் கணினி எல்லா எந்திரங்களுக்கும் புரோகிராம் அனுப்புகிறது. சில்லு எது, இயக்கி எது என்பது ஒருமுறை தீர்க்கப்பட்டால் போதும். மடிக்கணினி எவ்வளவு மெலிந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒன்றிரண்டு எந்திரம் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் பட்டறையில் அந்தப் பெட்டிக்கான செலவு அடுத்த ஆர்டர் வரை தள்ளிப்போகும். அதுவரை மேசை இழுப்பறையில் இரண்டு கன்வெர்ட்டர்கள் இருக்கும்: ஒன்று வேலைக்கு, மற்றொன்று அது திடீரென்று நின்றுபோனால் எடுக்க.