கரப்பானுக்கு விதை எடுத்துக் கொடுத்த கதை

பட்டணத்துச் சொந்தக்காரங்க போன்ல அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "நீங்க வயலுக்கு மருந்து அடிக்கிறவர்தானே, சமையலறையில ஓடுற சின்னக் கரப்பானுக்கு எதை அடிக்கலாம்? எதுக்குமே சாக மாட்டேங்குதே!" மருந்துப் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி அதோட வரலாற்றைச் சொல்லணும்.

அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு ஜெர்மன் கரப்பான்னு பேர். 1767-ல் லின்னேயஸ் வெச்சது. ஆனா பூர்வீகம் ஜெர்மனி இல்லை. சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னாடி, இந்தியா அல்லது மியான்மர் பக்கம், வெளியில திரிஞ்ச ஆசியக் கரப்பானிலிருந்து பிரிஞ்சு மனுஷன் வீட்டோட ஒட்டிக்கிச்சுன்னு 2024-ல் வந்த மரபணு ஆய்வு சொல்லுது. நம்ம பக்கத்துப் பூச்சிதான் ஊர் சுத்தி வந்திருக்கு!

1939-ல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர், டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948-ல் நோபல் பரிசும் கிடைத்தது. போர் முடிந்ததும் டிடிடி, குளோர்டேன் எல்லாம் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. 1950-களின் தொடக்கத்திலேயே டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் கரப்பான்கள் குளோர்டேனுக்குச் சாகவில்லை. அடுத்தடுத்து வேறு வகை மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றும் சில வருஷம் கேட்டது, அப்புறம் கேக்கலை.

பூச்சிக்கு மருந்து பழகிப் போச்சுன்னு சொல்வாங்க. அது சரியில்லை. நாங்க நெல் விதைக்கு என்ன செய்றோம்? கலவனைப் பிடுங்கிப் போட்டு, நல்ல கதிரை மட்டும் நிறுத்தி விதை எடுக்கிறோம். மருந்தும் அதைத்தான் செய்யுது. ஆயிரத்தில் நாலு பூச்சிக்குப் பிறவியிலேயே தாங்கும் சக்தி இருந்தா, மத்ததைக் கொன்னு அந்த நாலையும் விதைக்கு நிறுத்துது. ஒரு முட்டைக் கூட்டில் முப்பது, நாற்பது முட்டை. ரெண்டு மூணு மாசத்தில் அடுத்த தலைமுறை. நமக்கு ஒரு போகம் விளையறதுக்குள்ள அதுக்கும் ஒரு போகம்!

இந்தப் பாடத்தை முதலில் கண்டது தோட்டத்தில்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பழ மரங்களில் செதில் பூச்சிக்குச் சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் அடிச்சும் சாகலைன்னு மெலாண்டர் என்ற பூச்சியியலாளர் 1914-லேயே எழுதிட்டார். டிடிடிக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி.

1980-களில் இனிப்பில் விஷம் கலந்த பொறி வந்தது. கொஞ்ச நாளில் ஃப்ளோரிடாவில் சில கரப்பான்கள் அதைத் தொடவே இல்லை. ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற ஆய்வாளர் சோதிச்சதில், அதுங்க ஒதுக்குனது விஷத்தை இல்லை, குளுக்கோஸைன்னு தெரிஞ்சது. அதுங்க நாக்குக்குக் குளுக்கோஸ் கசக்குதுன்னு 2013-ல் நிரூபிச்சாங்க. விஷத்தைத் தாங்கும் பூச்சியை மட்டுமில்லை, இனிப்பை வெறுக்கும் பூச்சியையும் நாமே விதைக்கு எடுத்திருக்கோம்.

2019-ல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில், மூணு மருந்தை மாத்தி மாத்தி ஆறு மாசம் அடிச்சும் எண்ணிக்கை குறையலை, ஏறாம நின்னதோட சரி. ரெண்டு மருந்தைக் கலந்து அடிச்ச இடத்தில் ஏறிடுச்சு. சில இடத்தில் ஒரே தலைமுறையில் தாங்கும் சக்தி நாலு முதல் ஆறு மடங்கு கூடியிருந்தது. படாத மருந்துக்கும் சேர்த்தே தாங்குச்சு.

அதனால டப்பாவை மாத்தி மாத்தி வாங்குறதுல பிரயோஜனம் குறைவு. கரப்பான் எச்சம் குழந்தைங்களுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும், விட்டு வைக்கவும் கூடாது. ஆனா அதே தரையில்தான் குழந்தை தவழுது, மருந்தும் அங்கேதான் படியுது. ராத்திரி எச்சில் பாத்திரம் போடாதீங்க. சொட்டுற குழாயை அடைங்க, இடுக்கைப் பூசுங்க. ஒட்டும் அட்டை வெச்சு எங்கே அதிகம்னு பாருங்க. அதுக்கப்புறமும் தேவைப்பட்டா, அந்த இடத்துக்கு மட்டும் மருந்து வைங்க.

தாங்குற பூச்சியும் பட்டினியைத் தாங்கிப் பெருக முடியாது.