மா: ஓர் ஒலி, பல சொற்கள்

'மா' என்று ஒலிக்க இரண்டு உதடுகளும் கூடிப் பிரிந்தால் போதும்; நாக்குக்கு அதில் வேலையே இல்லை. இத்தனை எளிய ஓர் அசை உலக மொழிகள் பலவற்றில் தனிச்சொல்லாக நிற்பது இயல்பே. குறில், நெடில் வேறுபாட்டைச் சற்றே தள்ளிவைத்துப் பார்த்தால், ஃபின்னிய மொழியில் அது நிலம், ஹங்கேரிய மொழியில் 'இன்று', இத்தாலியத்தில் 'ஆனால்', எபிரேயத்தில் 'என்ன', தாய்லாந்து மொழியில் 'வா', போலிஷ் மொழியில் 'அவனிடம் உண்டு'. இப்படி அடுக்கிவைத்துவிட்டு இவற்றுக்குள் உறவு தேடுவது பலருக்கும் பிடித்த முயற்சி. ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டு சொற்கள் உறவாகிவிடா. ஒரு சொல் தன் மொழியின் இலக்கண அமைப்பில் எந்த இடத்தில் நிற்கிறது, அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்தது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் உறவைப் பற்றிப் பேச முடியும்.

தமிழிலிருந்தே தொடங்கலாம். ஓரெழுத்தே சொல்லாக நிற்பதைத் தமிழ் இலக்கணம் 'ஓரெழுத்து ஒருமொழி' என்று தனி வகையாக வைத்திருக்கிறது. நன்னூல் அவ்வகையில் 42 சொற்களைக் கணக்கிடுகிறது. மகர வரிசைக்கு மட்டும் அதில் 6 இடம். அந்த ஆறில் பொருட்செறிவு மிக்கது மா. மாமரம், விலங்கு, சிறப்பாகக் குதிரை, பெருமை, கருநிறம், அரைத்த தூள், திருமகள் என்று அதன் பொருள்கள் விரிகின்றன. தூள் என்ற பொருளில் தமிழ்நாட்டுப் பேச்சு உகரம் சேர்த்து 'மாவு' என்கிறது. இலங்கைத் தமிழில் இன்றும் அரிசி மா, கோதுமை மா என்றுதான் வழக்கு.

கணக்கில் மா என்பது 1/20. அரைமா 1/40, இருமா 1/10, நாலுமா 1/5. நிலத்தில் ஒரு வேலியின் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. அதாவது 100 குழி, ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. தஞ்சைப் பகுதி விவசாயி 'மூணு மா நிலம்' என்னும்போது அவர் வாயில் இருப்பது இந்தப் பழைய பின்னம்தான். பின்னமும் நில அளவும் ஒரே சொல்லின் இரு பயன்பாடுகள்; இவற்றுக்கிடையே கண்கூடான உறவு உண்டு. இந்த மாவையும் மாமரத்தையும் இணைக்க அப்படி எந்தக் கயிறும் கிடையாது. திருமகளைக் குறிக்கும் மா வடமொழியிலிருந்து வந்தது. பெருமை என்ற பொருள் தரும் மா தமிழுக்கே உரியதா, வடமொழி 'மஹா'வோடு தொடர்புடையதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆக, அகராதியில் அருகருகே நிற்பதால் மட்டும் இவற்றை ஒரு சொல்லின் பல பொருள்கள் என்று கொள்வது பிழை. வெவ்வேறு வழியில் வந்த பல சொற்கள் ஒரே ஒலியில் கூடியிருக்கின்றன.

ஒலி ஒன்றாயிருந்தும் இவை மயங்காமல் காப்பது புணர்ச்சி. மாமரத்தைக் குறிக்கும் மாவுக்குப் பின் வல்லெழுத்து வந்தால் இடையில் அதன் இனமான மெல்லெழுத்து தோன்றும்: மாங்காய், மாந்தோப்பு, மாம்பழம். தூளைக் குறிக்கும் மாவுக்குப் பின் வல்லெழுத்தே இரட்டிக்கும்: மாக்கோலம். பெருமைப் பொருளில் இரண்டும் இல்லை: மாபெரும், மாகடல். தொல்காப்பியம் இதை உயிர்மயங்கியலிலேயே பிரித்துக் காட்டுகிறது. மரத்தின் கிளை மாங்கோடு. விலங்கின் கொம்போ னகர ஒற்றுப் பெற்று மான்கோடு. எழுத்தால் ஒன்றாகிவிட்ட சொற்களை அடுத்த சொல்லோடு சேரும் இடத்தில் நின்று வேறுபடுத்திய அந்த நுட்பம் போற்றத்தக்கது.

சீன மொழி இதே வேலையைச் சுரத்தால் செய்கிறது. மாண்டரினில் உயர்ந்து சமமாக நீளும் மா 'அம்மா'. கீழிருந்து ஏறும் மா சணல் போன்ற நார்ச்செடி. தாழ்ந்து எழும் மா குதிரை. சட்டென்று இறங்கும் மா 'திட்டு'. சுரமின்றி வாக்கியத்தின் கடைசியில் மெல்ல ஒலித்தால் அது வினாவைக் குறிக்கும்; 'வருகிறாயா' என்பதில் உள்ள ஆகாரம் போல. இவற்றின் எழுத்துகள் இன்னும் சுவையானவை. அம்மாவைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. திட்டுவதைக் குறிக்கும் எழுத்தில் இரண்டு வாய்கள், அவற்றின் கீழே குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் ஏதோ தொன்மத் தொடர்பு என்று இதை வைத்துக் கதை கட்டினால் அது வீண். அங்கே குதிரை நிற்பது ஒலியைக் காட்ட மட்டுமே. பொருளைச் சுட்டுவது பெண்ணும் வாயும்.

வியட்நாமிய மொழியின் வடபகுதி வழக்கில் ஆறு சுரங்கள். அவற்றால் மா என்பது பேய், கன்னம், 'ஆனால்', கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறாகப் பிரிகிறது. கன்னத்தைக் குறிக்கும் அதே வடிவம் தெற்கே அம்மாவையும் குறிக்கும். தாய்லாந்து மொழியில் வருதல், குதிரை, நாய் மூன்றுக்கும் மா, வேறுபாடு சுரத்தில்.

சீனத்திலும் குதிரை, தமிழிலும் குதிரை என்ற ஒற்றுமை ஆய்வாளரை மயக்கக்கூடியது. ஆனால் சீனச் சொல்லின் மிகப் பழைய ஒலிவடிவத்தை மீட்டுருவாக்கிய அறிஞர்கள் அதில் ரகரம் ஒன்று இருந்ததாகக் கொள்கின்றனர்; இன்றைய எளிய மா அங்கே தேய்மானத்தின் விளைவு. தமிழ் மாவோ விலங்குகளுக்கான பொதுப்பெயர். அரிமா சிங்கம், கைம்மா யானை. குதிரை அந்தப் பொதுப்பெயருக்குள் அடங்கும் ஒன்று. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றனவே ஒழிய நெருங்கவில்லை.

ஒரே குடும்பத்து மொழிகளிலும் இந்த எச்சரிக்கை தேவை. ஃபின்னியமும் ஹங்கேரியமும் யூராலிக் குடும்பத்தவை. ஆயினும் 'நிலம்' வேறு, 'இன்று' வேறு. லத்தீனின் பிள்ளைகளில் பாடம் இன்னும் தெளிவு. இத்தாலிய மா 'ஆனால்' ஆனது, 'மேலும்' என்ற பொருளுடைய லத்தீன் 'மகிஸ்' தேய்ந்து. பிரெஞ்சில் பெண்பாற் பெயருக்கு முன் 'என்' என்று வரும் மா, லத்தீன் 'மேயா' தேய்ந்து. ஒலியால் ஒன்றான இவை உறவில்லாதவை. இத்தாலிய மாவின் உண்மையான உடன்பிறப்புகள் பிரெஞ்சு 'மே', ஸ்பானிய 'மாஸ்'. உறவு இருக்குமிடத்தில் ஒலி மாறியிருக்கிறது. ஒலி ஒத்த இடத்தில் உறவு இல்லை.

மரபுரிமையாக வந்த ஒற்றுமைகளும் உண்டு. எபிரேயத்திலும் அரபியிலும் மா 'என்ன' என்பது செமித்திய மூலமொழியின் சொத்து. அரபியில் அதே வடிவம் 'இல்லை' என்றும் பொருள்படும். வடமொழியில் மா 'வேண்டாம், செய்யாதே' என்னும் விலக்கு. கிரேக்கத்தின் 'மே' அதற்கு இனம். வால்மீகி ராமாயணத்தில் வேடனுக்கு இட்ட புகழ்பெற்ற சாபம் இந்த விலக்குச் சொல்லோடுதான் தொடங்குகிறது. உரையாசிரியர் சிலர் அந்த மாவைத் திருமகளாகக் கொண்டு, சாபத்தையே திருமாலுக்கு வாழ்த்தாகப் படித்தனர். ஒரே ஒலியில் இரு சொற்கள் இருப்பது உரைக்குத் தந்த இடம் அது.

அம்மாவின் நிலை தனி. தமிழ், சீனம், தென் வியட்நாமியம், இந்தி என உறவில்லாத மொழிகளிலும் தாய்ப்பெயரில் மகரம் வருவதற்கு மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கம் சொன்னார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கையில் மூக்கின் வழியே மட்டும் ஒலி எழும். பின்னர் பாலுக்கும் பால் தருபவளுக்கும் அந்த முனகலே அழைப்பாகிறது. குழந்தை முனகுகிறது, அதைத் தம் பெயராக ஏற்றுச் சொல்லாக்குவது வளர்ந்தவர்கள். எனவேதான் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. உலகெங்கும் காணப்படும் இந்த ஒற்றுமைகூட மொழி உறவுக்குச் சான்றாகாது.

தமிழ் மா உண்மையாகவே பிறமொழிகளுக்குச் சென்ற வழி மாங்காய். தமிழ் மாங்காய், மலையாள மாங்ங என்ற வடிவங்கள் வணிகத்தோடு சென்றன. மலாயில் அது 'மங்கா', போர்ச்சுகீசியர் நாவில் 'மாங்கா', ஆங்கிலத்தில் 'மாங்கோ'. சீனர் அதை 'மாங்குவோ' என்று ஏற்றபோது, பின்பாதி ஒலிக்குப் பழம் என்ற பொருளுடைய எழுத்தே வாய்த்தது. இங்கே கடனை மெய்ப்பிப்பது மா என்ற அசை அன்று. அது எந்த மொழியிலும் தானாகவே தோன்றியிருக்கலாம். மாவுக்கும் காய்க்கும் இடையே தமிழ்ப் புணர்ச்சி விதி நுழைத்த ஙகர ஒற்றே சான்று. இலக்கண ஆசிரியர்கள் விலங்கிலிருந்து மரத்தைப் பிரித்தறிய வகுத்துக் காட்டிய அதே மெல்லெழுத்து, லிஸ்பன் சந்தையிலும் லண்டன் கடையிலும் அந்தப் பழத்தின் பெயருக்குள் இன்றும் ஒலிக்கிறது.