பாட்டியின் காதுக்குப் போன கவிதை



அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் வேண்டுதலையும் கவிதையையும் ஜாஸ், காஸ்பெல் இசையோடு சேர்த்து ஒலித்தட்டுகளில் பதிந்த வரலாற்றை இந்த ஆண்டு பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்திப் பாட்டு நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது: எழுத்து மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் சொல்லை எங்கே பத்திரப்படுத்தியது?

1740இல் தென் கரோலினாவில், அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 1831இல் வர்ஜீனியாவில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னர் எழுத்தறிந்தவர், போதகர். அந்தக் கிளர்ச்சிக்குப் பின் தென் மாநிலங்களில் இத்தகைய தடைகள் மேலும் இறுகின. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. படிக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் மனப்பாடம் செய்தார்கள். விவிலியம் அவர்களிடம் குரலாக வாழ்ந்தது. போதகர் ஓர் அடி சொல்வார், சபை பதில் சொல்லும். பேச்சு மெல்ல ஏறி ராகமாகும்.

1926 முதல் அட்லாண்டாவைச் சேர்ந்த போதகர் ஜே.எம். கேட்ஸ் இப்படிப்பட்ட பிரசங்கங்களை ஒலித்தட்டில் பதிந்தார். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே கிடைத்த காலம் அது. 1927இல் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஏழு பிரசங்கங்களைக் கவிதையாக்கி நூலாக வெளியிட்டு, அதற்குக் 'கடவுளின் டிராம்போன்கள்' என்று பெயர் வைத்தார். மனிதக் குரலின் எல்லா உணர்ச்சிகளையும் காட்டவல்ல கருவி டிராம்போன் என்று அவர் கருதினார். போதகரின் தொண்டையும் ஜாஸ் கருவியும் ஒரே குடும்பம் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிட்டது.

ஆனால் ஜாஸ், சாராயக்கடைச் சங்கீதம் என்று இழிவுசெய்யப்பட்டிருந்தது. 1965 செப்டம்பர் 16 அன்று டியூக் எலிங்டன் தன் இசைக்குழுவோடு சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்துக்குள் சென்று புனித இசை நிகழ்ச்சி நடத்தினார். அந்த முயற்சியைக் கறுப்பினப் போதகர்கள் சிலரே எதிர்த்தார்கள். பறையைத் தீட்டென்று ஊர் ஒதுக்கியதும், அடிமைத்தொழிலின் அடையாளம் என்று நம்மவர்களே அதை இறக்கி வைத்ததும், பிறகு விடுதலையின் கருவியாக மறுபடி கையில் எடுத்ததும் நம் நினைவுக்கு வர வேண்டிய இடம் இது.

1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். வழிபடக் கூடிய இடமே போராடக் கூடிய இடமாகவும் இருந்ததால்தான் அது குறிவைக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் ஜான் கோல்ட்ரேன் 'அலபாமா' என்ற இசைத்துண்டைப் பதிந்தார். போதகர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1964 டிசம்பர் 9 அன்று பதிந்த 'எ லவ் சுப்ரீம்' என்ற தொகுப்பின் உறைக்குள் அவர் எழுதிய நீண்ட வேண்டுதல் கவிதை அச்சாகியிருக்கிறது. கடைசிப் பகுதியில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. சாக்சபோனே அந்தக் கவிதையை அசை அசையாக வாசித்துப்போகிறது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், புரியும்.

1971இல் நிக்கி ஜியோவானி 'ட்ரூத் இஸ் ஆன் இட்ஸ் வே' என்ற ஒலித்தட்டை வெளியிட்டார். கறுப்பின விடுதலைக் கவிஞர். அனல் பறக்கும் வரிகளுக்காக அறியப்பட்டவர். அவர் தன் கவிதைகளை நியூயார்க் கம்யூனிட்டி கொயர் என்ற பாடகர் குழுவின் தேவாலயப் பாடல்களோடு சேர்த்துச் சொன்னார். காரணத்தை அவரே எளிமையாகச் சொல்லியிருக்கிறார்: தன் பாட்டி கேட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

நாம் நிற்க வேண்டிய இடம் இதுதான். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். அவர்களுடைய கோபத்தையும் கோட்பாட்டையும் நாம் கற்றுக்கொண்டோம். பாட்டியை நோக்கித் திரும்பிய அந்த நடையைக் கற்றுக்கொண்டோமா?

நம் கவிதைகள் அச்சேறின, பாடத்திட்டத்தில் சேர்ந்தன, மொழிபெயர்க்கப்பட்டன. அவை பெருமைதான். ஆனால் நம் கவிதையின் முதல் சொல்லைத் தந்தவர்கள் நடவு வயலில் பாடியவர்கள், சாவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தவர்கள். பலருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களைப் பற்றி நாம் எழுதிய புத்தகத்தை அவர்கள் திறந்ததில்லை. அம்மனை வேண்டிப் பாடினார்கள், மாதாவை வேண்டிப் பாடினார்கள் என்பதற்காக அவர்களுடைய பாட்டைப் பிற்போக்கு என்று தள்ளிய தவறும் நம்முடையதே. அந்த வேண்டுதலுக்குள் கூலி இருந்தது, பசி இருந்தது, ஆண்டையின் பெயரும் இருந்தது.

மாணவத் தோழர்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் அப்பாயியோ அம்மாயியோ பாடுவதை, அவர் சம்மதத்தோடு, அவர் பெயரோடும் ஊரோடும் பதிந்துவையுங்கள். பிறகு நம் கவிதை ஒன்றை அவருக்கு வாய்விட்டுச் சொல்லிக்காட்டுங்கள். அவர் எந்த வரியில் 'ம்' கொட்டுகிறார் என்று கவனியுங்கள். அங்கிருந்து நம் அடுத்த கவிதையைத் தொடங்குவோம்.