சிற்றாற்றங்கரையில் ஒரு வணக்கம்

தென்காசி விசுவநாதர் கோயிலில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நாம் திரும்பிவிடுகிறோம். அங்குள்ள கல்வெட்டுப் பாடல் ஒன்றும் நம் கவனத்திற்குரியது. 15ஆம் நூற்றாண்டில் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக அதில் சொல்கிறான். கட்டியவன் புகழைப் பாடும் கல்வெட்டுகள் பல; பழுது நீக்கப்போகிறவரை வணங்கும் கல்வெட்டு அரிது.

அரசன் அஞ்சிய குறை வந்தது. சிதைந்த கோபுரம் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, ஒன்பது நிலைகளுடன் மீண்டெழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது.

கோபுரத்தை இருந்த இடத்திலேயே எழுப்புவது முறை. ஆற்றோரக் கட்டடங்களுக்கும் இம்முறை பொருந்துமா? குற்றால மலையில் பிறந்து, தென்காசி வழியே ஓடித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாறு இக்கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. 1992 நவம்பரிலும் 2023, 2024 டிசம்பர்களிலும் இப்பகுதி பெருவெள்ளம் கண்டது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. ஆயினும், விழுந்த சுவரை அதே இடத்தில், அதே மட்டத்தில் எழுப்புவதையே பழுது நீக்கம் என்று நாம் கருதிப் பழகியிருக்கிறோம்.

அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. வெள்ள அபாயப் பகுதியிலுள்ள கட்டடத்தின் சீரமைப்புச் செலவு அதன் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், அது புதுக் கட்டடமாகவே கருதப்படும். வீடாயின் தரைத்தளத்தை வெள்ள மட்டத்துக்கு உயர்த்தியாக வேண்டும்.

இந்தியாவிலும் 1975இல் மத்திய அரசு வெள்ளச் சமவெளிகளுக்கான மாதிரிச் சட்ட வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறாண்டுக்கொரு முறை வரும் வெள்ளத்துக்கும் மேலே அமையட்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் தாழ்விடங்களில் இருக்கட்டும் என்பதே இம்முயற்சியின் நோக்கம். மணிப்பூர், ராஜஸ்தான் முதலிய சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. தமிழ்நாடு அவற்றுள் இல்லை.

அமெரிக்க விதியை அப்படியே இங்கு நடுவதும் நியாயமாகாது. அங்கு கட்டடத்தை உயர்த்தும் கூடுதல் செலவில் 30,000 டாலர் வரை காப்புறுதி ஏற்கிறது. அத்தகைய துணையின்றி விதியை மட்டும் கொண்டுவந்தால், கரையோரச் சிறுகடைக்காரர் கடையையே இழப்பார். நிவாரணத்தோடு அடித்தளத்தை உயர்த்தவும், வேண்டுமாயின் இடம் மாறவும் உதவி சேர்ந்து வரவேண்டும்.

பாண்டியன் பணிந்தது குறையை நீக்குவோரை. வெள்ளம் காட்டிய குறையை அப்படியே வைத்துச் சுவரெழுப்பினால், அவ்வணக்கத்தை ஏற்கும் தகுதி நமக்கில்லை.