மணற்பாறையும் மக்களும்

இன்றைய அமெரிக்க அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் கான்யன் டி ஷே என்னும் செம்மணற்பாறைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அரசாங்க நில ஆய்வுக் குழுவுடன் சென்ற டிமோத்தி ஓ'சல்லிவன், 1873ஆம் ஆண்டில் அதனைப் படம் பிடித்தார்.

அக்காலத்தில் அஃது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே இருட்டறை அமைத்துத் துலக்கவும் வேண்டும். பாலைக் காற்றிலோ ஈரம் விரைந்து உலரும்.

ஓங்கிய பாறையும், அதன் குடைவில் பண்டையோர் கட்டிய பாழ்மனைகளும் அப்படத்தில் தோன்றுகின்றன. இங்கு வாழ்ந்தோர் என்றோ மறைந்தனர் என்றே காண்போர் எண்ணுவர். வரலாறு கூறுவது வேறு. 1864இல் அமெரிக்கப் படையினர் அப்பள்ளத்தாக்கின் நவஹோ மக்களைப் பணியவைத்து, அவர்களுடைய பீச் மரத் தோப்புகளை வெட்டி வீழ்த்தினர். மக்களை 300 மைலுக்கு மேல் நடத்திச் சென்று சிறைவைத்தனர். 1868இல் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே அவர்கள் தாயகம் திரும்பினர். ஐந்தாண்டு கழித்து வந்த ஓ'சல்லிவன், தறியருகே அமர்ந்திருந்த நவஹோ மக்களையும் படமெடுத்தார்.

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் நான் வேண்டுவது ஒன்றே. அவ்விரு படங்களையும் அருகருகே வைத்துக் காணுங்கள். பாறையை மட்டும் கண்டவர் பாதி வரலாற்றையே கண்டவராவர்.