ஜொகூரில் சமூகக் கல்லூரிகள்: வளர்ந்த கதையும் நம் பிள்ளைகளும்

நம் சங்கம் தொடங்கிய நாட்களில் ஜொகூரில் ஒரு பொலிடெக்னிக்கூட இல்லை. நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஒமார் 1969இல் ஈப்போவில் யுனெஸ்கோ உதவியோடு தொடங்கியது. ஐந்தாம் படிவத்தோடு நின்ற நம் பிள்ளைகளுக்கு அன்று இருந்த வழி இரண்டுதான்: வாப்பாவின் கடை, அல்லது பாலம் தாண்டிச் சிங்கப்பூர். இரண்டையும் குறை சொல்வதற்கில்லை. இந்த மலருக்கு விளம்பரம் தந்த குடும்பங்களில் பல அப்படி வளர்ந்தவைதாம்.

2000ஆம் ஆண்டு ஜூலையில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் ஒரு சமூகக் கல்லூரி, அதாவது ‘கோலேஜ் கொமுனிட்டி’. எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் பொலிடெக்னிக்குக்கும் போக முடியாமல் நின்றவர்களுக்காகவே இந்தத் திட்டம். 2001இல் முதல் கல்லூரிகள் திறந்தன. சொந்தக் கட்டடம் எங்கே இருந்தது? தொழில்நுட்பப் பள்ளிகளின் வளாகத்திலும் வாடகைக் கடைவீடுகளிலும் பாடம் நடந்தது.

இந்த ஏற்பாடு புதிதன்று. அமெரிக்காவின் ஜோலியட் நகரில் 1901இல் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள், ஆறே மாணவர்களோடு இத்தகைய கல்லூரி பிறந்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ் மண்ணின் பக்கமும் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமூகக் கல்லூரியைத் தொடங்கியது. பின்னர் சென்னையில் கத்தோலிக்கப் பாதிரிமார் அதைப் பரவலாக்கினார்கள். ஏழைப் பிள்ளையின் கையில் தொழிலைக் கொடுக்க அவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஜொகூரில் இன்று செகாமாட், லேடாங், பத்து பகாட், பாசிர் கூடாங், பண்டார் பெனாவார், தஞ்சோங் பியாய் எனப் பல ஊர்களில் சமூகக் கல்லூரிகள் உள்ளன. ஆனாலும் மாநிலத்தின் 26 தொகுதிகளுக்கும் இன்னும் வந்தபாடில்லை. 2004இல் உயர்கல்வி அமைச்சு தனியாக அமைந்தபோது இவை கல்வி அமைச்சிலிருந்து அதன் கீழ் வந்தன. ஆரம்பத்தில் துண்டு துண்டாக முடிக்கக்கூடிய மொடுலார் சான்றிதழ்கள் தந்தார்கள். பிறகு வகுப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த ‘சிஜில் கோலேஜ் கொமுனிட்டி’ வந்தது. இப்போது சில கல்லூரிகளில் டிப்ளோமாவே உண்டு.

ஜொகூருக்கு இதில் இன்னொரு பெருமை இருக்கிறது. பொலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1993இல் பத்து பகாட்டில் தொடங்கிய நிலையம்தான் படிப்படியாக வளர்ந்து, 2007இல் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் ஆனது. சமூகக் கல்லூரிச் சான்றிதழில் தொடங்கி, பொலிடெக்னிக் டிப்ளோமா வழியாக, பட்டம் வரை இந்த மாநிலத்தை விட்டு வெளியேறாமலே ஒரு பிள்ளை போகலாம். அந்த வழியில் வந்த சிலர் பொலிடெக்னிக்கில் எங்களோடு படித்தார்கள். ஏட்டில் நாங்கள் முந்தினாலும், பட்டறையில் அவர்கள் கைதான் திருத்தமாக இருந்தது.

இருந்தும் நம் வீடுகளில் இந்தக் கல்லூரிக்கு மதிப்பில்லை. “அங்கே போகிறவன் படிப்பு வராதவன்” என்று சொல்லிவிடுகிறோம். கல்யாணப் பேச்சிலும் அதைச் சொல்லத் தயங்குகிறோம். நாம் நடத்துவது சாப்பாட்டுக் கடை, மளிகை, துணி. அங்கே கற்றுத் தருவது சமையற்கலை, பேஸ்ட்ரி, குளிர்சாதனம், தையல். கடையில் குளிர்பெட்டி நின்றுபோனால் ஆளைத் தேடி அலைகிறோம்; அதைப் பழுதுபார்க்கும் படிப்பு மட்டும் கௌரவக் குறைவாம்! நம் பெண்கள்தாம் இதில் கெட்டிக்காரர்கள். ‘குர்சுஸ் பெண்டெக்’ எனும் குறுகியகால வகுப்புக்கு வார இறுதியில் போய்க் கேக்கும் தையலும் கற்று, வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

சங்கத்தின் கல்வி உதவி விண்ணப்பத்தில் “பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை இணைக்கவும்” என்றொரு வரி இன்றும் இருக்கிறது. அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் சமூகக் கல்லூரி என்றே ஒன்று கிடையாது. அதனால் எழுதியவர்கள்மேல் பிழையில்லை. ஆனால் இன்று செகாமாட்டிலோ பாசிர் கூடாங்கிலோ சேரும் நம் பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் உதவி கிடைப்பதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை மாற்றும்படி தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். பெற்றோர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அன்று வந்து கை உயர்த்த வேண்டுகிறோம்.